தட்டில் வைத்த சாவி

ஹேவாஹெட்ட, மேல் லயம்
2024 செப்டம்பர் 8

மகள் லோஜினிக்கு,

முதலில் சுகம் விசாரிக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டுக் கமலம் சொல்கிறாள். பாலர் பாடசாலை டீச்சர் அல்லவா, அவளுக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். "பேசுற மாதிரியே எழுதும்மா" என்றால் கேட்பதில்லை, திருத்தித் திருத்தி எழுதுகிறாள். நீ பதில் போட்டால் என் வலது காதில் கத்தி வாசிப்பாள். டெலிபோனில் உன் குரல் எனக்கு வெறும் இரைச்சல். தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலர்களுக்குப் பக்கத்தில் நின்று தேய்ந்த காது, இனித் திரும்பாது.

நேரில் வந்து பேசலாமே என்பாய். உன் முகத்தைப் பார்க்க எனக்கு இப்போது மனமில்லை.

வியாழக்கிழமை நீ தேயிலை ஸ்டோருக்கு வந்தபோது நான் வாசலிலேயே நின்றேன். சம்பளத்துக்குக் கட்டைவிரல் பதித்தவனுடைய மகள், கண்டியிலிருந்து கம்பனியின் பாதுகாப்பு அதிகாரியாக வருகிறாள் என்று எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருந்தேன் தெரியுமா? வந்தாய், சுற்றிப் பார்த்தாய், என்ன வேலை, எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினாய். அதுவரை சரி. பிறகு தோட்டத்துத் துரை, டீமேக்கர், வேலையாட்கள் எல்லோருக்கும் முன்னால், இந்த வருடம் ஆயுத பூசைக்கு ரோலர் ஓடக்கூடாது என்றாய்.

எண்பத்தாறாம் வருடம் பழைய கங்காணி செத்த பிறகு அந்தப் பூசை என் கைக்கு வந்தது. மாலை சாத்தி, பொட்டு வைத்து, சூடம் காட்டி நான் கையைத் தூக்கினால் பெரிய ரோலர் சுற்றும், அதன் அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும். வேலையிலிருந்து நின்ற பிறகும் பூசைக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு வருடம் மழையில் கரண்ட் போய்விட்டது. அப்போதிருந்த துரை சிங்களவர், பௌர்ணமிப் போயா தவறாமல் விகாரைக்குப் போகிறவர். அவர் ஜெனரேட்டரைப் போடச் சொல்லி ஒரு சுற்றுச் சுற்றவிட்டார். அவருக்கிருந்த பயபக்தி என் மகளுக்கு இல்லை.

"சாமி கும்புடுறதும் ஒரு வேலைதாம்ப்பா. அதையும் பிரிச்சு எழுதணும்" என்றாய். "ஒனக்கு அது வேலையாத் தெரியுதா?" என்று கேட்டேன். நீ கையிலிருந்த தாளைப் பார்த்தாய். பின்னால் சிரித்தார்கள். சிரிப்பு எனக்குக் கேட்காது, தோள் குலுங்குவது தெரியும்.

கறுப்பையா


கண்டி
2024 செப்டம்பர் 14

அப்பா,

நான் பூசையை நிறுத்தச் சொல்லவில்லை. பூசை நடக்கும்போது ஆட்கள் ரோலர் மேலே இருக்க, அது ஓடக்கூடாது என்றேன். எல்லோருக்கும் முன்னால் சொன்னது பிழை. முந்தின இரவு உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்குக் கேட்க மாட்டேன்.

நான் செய்வதற்கு வேலைப் பாதுகாப்புப் பகுப்பாய்வு என்று பெயர். பெயர்தான் பெரிது. ஒரு வேலையை எடுத்து, செய்கிறவர்களிடமே கேட்டு, முதலில் இது, பிறகு இது என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கே ஆளுக்கு என்ன அடிபடும் என்று கேட்க வேண்டும். பிறகு, அது நடக்காமல் செய்ய என்ன வழி என்று தேட வேண்டும். ஆபத்தையே எடுத்துவிட முடிந்தால் அதுதான் முதல் வழி. முடியாவிட்டால் ஆபத்துக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு தடுப்பு. "கவனமா இருங்க" என்று சொல்வது கடைசி வழி. அது மருந்தில்லை அப்பா, ஆறுதல்.

கொழுந்து அரைப்பது, சலிப்பது, அடுப்புக்கு விறகு போடுவது, எல்லாவற்றையும் சொன்னார்கள். பூசையை ஒருவரும் சொல்லவில்லை. ஸ்டோரில் வேலை செய்கிற ரமேஸ், போன வருடம் எடுத்த வீடியோவைச் சிரித்துக்கொண்டே காட்டினான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். திவாகரன் ரோலர் மேலே ஏறி மாலையின் முடிச்சை இறுக்குகிறான். நீங்கள் கையைத் தூக்குகிறீர்கள். அவன் குதிக்கிறான். அவன் கால் தரையில் படுமுன்பே ரோலர் சுற்றத் தொடங்கிவிட்டது. எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

அதைச் சுற்றவைக்கும் இரும்புக் கைக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. உங்களுக்குத் தெரியாததா?

ஆகவே சுவிட்சுக்கு ஒரு பூட்டு. ஏறுகிறவன் தானே பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். இறங்கி வந்து அவனே திறக்க வேண்டும். சாவி அவனிடம் இருக்கும்வரை ரோலரை யாராலும் ஓட்ட முடியாது. நான் கேட்டது அவ்வளவுதான்.

ஏறுகிறவன் உங்கள் மகன். எனக்கு ஒரே தம்பி.

லோஜினி


ஹேவாஹெட்ட
2024 செப்டம்பர் 24

மகள் லோஜினிக்கு,

உன் கடிதத்தைக் கமலம் கத்தி வாசித்தாள். லயத்து நாய்கூட எழுந்து உட்கார்ந்து கேட்டது.

பூட்டுகள் வந்துவிட்டன. திவாகரன் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். சிவப்பாக, பிள்ளைகள் விளையாடுகிற சாமான் மாதிரி இருக்கிறது. "தாத்தா, அக்கா சாமிக்கே பூட்டுப் போட்டுட்டாங்க!" என்று ரமேஸ் கத்துகிறான். இளந்தாரிகள் ஒருவரும் அதைத் தொடமாட்டோம் என்கிறார்கள். கம்பனிப் பூட்டை மாட்டிக்கொண்டு சாமி கும்பிடுவதா என்பது அவர்கள் பேச்சு. துரை போன பிறகு பழையபடி செய்வது என்று பேசிக்கொள்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பூசை திருட்டுத்தனமாக நடக்கக் கூடாது.

இரண்டு நாள் யோசித்தேன். ரோலர் நிற்கும்போதே மாலையைச் சாத்தட்டும். எல்லோரும் இறங்கட்டும். பிறகு சூடம் காட்டி, பிறகு ஒரு சுற்று. நசுங்குகிற பழம் கொஞ்சம் பிந்தி நசுங்கினால் குறைந்துவிடாது. இது எனக்குச் சம்மதம்.

ஆனால் ஒன்று. பூசைக்கு எதை வைக்கிறோம்? ஸ்பானரை வைக்கிறோம், கவ்வாத்துக் கத்தியை வைக்கிறோம், உன் அம்மா இருந்தபோது கொழுந்துக் கூடையை வைத்தாள். நமக்குச் சோறு போடுகிற சாமான் எல்லாம் அன்றைக்குச் சாமிக்கு முன்னால் இருக்க வேண்டும். இந்தப் பூட்டும் சாவியும் இனி ஸ்டோர்ச் சாமான்தானே? எல்லாச் சாமானும் தட்டில் சந்தனத்தோடு இருக்க, சாவி மட்டும் வியர்வைச் சட்டைப் பையில் கிடப்பதா? சாவியைத் தட்டில் வைத்துப் பொட்டு வைத்தால் அது நம்முடைய பூட்டு ஆகிவிடும். நான் சொன்னால் பொடியன்கள் கேட்பார்கள்.

சரி என்று எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கறுப்பையா


கண்டி
2024 செப்டம்பர் 30

அன்புள்ள அப்பா,

பஸ்ஸில் நின்றுகொண்டே உங்கள் கடிதத்தை வாசித்தேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா, "ஏன் பிள்ள அழுவுறீங்க?" என்று கேட்டார்.

சரி அப்பா. ஆயிரம் தடவை சரி. சாவியைத் தட்டில் வையுங்கள், பொட்டும் வையுங்கள். நான் எத்தனை கூட்டம் போட்டுப் பேசினாலும் நடக்காததை நீங்கள் செய்துவிட்டீர்கள். பூட்டுக்குச் சந்தனம் பூசுகிற ஸ்டோர் இந்த நாட்டிலேயே எங்களுடையதுதான் என்று ஒஃபிசில் பெருமையடித்தேன்.

பதினோராம் திகதி பூசைக்கு என்னால் வர முடியாது. ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு ஸ்டோரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பூசைக் கடலை எடுத்து வையுங்கள். கமலமக்காவுக்குத் தொண்டை கட்டாமல் தேன் வாங்கி அனுப்புகிறேன்.

உங்கள் மகள்
லோஜினி


ஹேவாஹெட்ட
2024 அக்டோபர் 14

லோஜினி,

நீ ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் இருப்பாய். யார் யாரோ உனக்கு எதையெதையோ சொல்லியிருப்பார்கள். என் வாயால் கேள்.

திவாகரன் பூட்டிவிட்டுத்தான் ஏறினான். சாவி பையில்தான் இருந்தது. மாலையைக் கட்டிவிட்டு இறங்கி வந்து, "இந்தாங்கப்பா" என்று சாவியை என் தட்டில் வைத்தான். நான் பொட்டு வைத்தேன். எல்லோரும் கீழே நின்றார்கள். என் கண்ணால் பார்த்தேன். சூடத்தைக் கொளுத்தினேன்.

சுவிட்சைப் போடுகிறவன் நிஸாம், நம் ஃபிட்டர். வெள்ளிக்கிழமை அல்லவா, ஜும்மாவுக்குப் போய்விட்டுப் பிந்தி வந்தான். வழக்கம்போல் தட்டுக்கு எட்டியே நின்றான். தட்டில் இருந்த சாவியை எடுத்து, ஒரு பூவோடு நான்தான் அவன் கையில் வைத்தேன். அவன் போய்ப் பூட்டைத் திறந்தான். நான்தான் கையைத் தூக்கினேன்.

மாலை பின்பக்கமாக நழுவியிருக்கிறது. அதைச் சரிசெய்யத் திவாகரன் அந்தப் பக்கமாக மறுபடி ஏறியிருக்கிறான். புகையில் எனக்குத் தெரியவில்லை. ரோலர் சுற்றியது. எல்லோருடைய வாயும் திறந்தது. அரோகரா சொல்கிறார்கள் என்று நினைத்தேன். நானும் சொன்னேன்.

இப்போது லயத்தில் ஒரே பேச்சு. நிஸாம் சாமித் தட்டில் கை வைத்தான், அதனால்தான் இப்படி ஆனது என்கிறார்கள். நான் கொடுத்தேன் என்றால், "தாத்தா, நீங்க சும்மா இருங்க, ஒங்கள மாட்டிவிட நாங்க தயாரில்ல" என்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லாம் பார்க்கவில்லை என்கிறார்கள். விசாரணை முடியும்வரை நிஸாமை வேலைக்கு வர வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார்.

திவாகரனின் கை எப்படி இருக்கிறது? கமலம் உனக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டாள். அவள் என்னிடம் சொன்னது முழுசு இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

கறுப்பையா


கண்டி
2024 அக்டோபர் 18

அப்பா,

கமலமக்கா, இந்தக் கடிதத்தை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள்.

இடது கை. சுண்டுவிரலையும் மோதிர விரலையும் காப்பாற்ற முடியவில்லை. மற்ற மூன்றும் அசைகின்றன. நேற்று, "மோதிரம் போட வெரல் இல்ல, இனி எவக்கா என்னயக் கட்டுவா?" என்றான். சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவன் யாரையும் குறை சொல்லவில்லை. மாலை நழுவியதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

அறிக்கை எழுதுவது நான். துரை ஏற்கனவே இரண்டு வரி எழுதித் தந்திருக்கிறார். திவாகரன் விதியை மீறி மறுபடி ஏறினான். நிஸாம் அனுமதியில்லாமல் ரோலரை ஓட்டினார். இரண்டு பேருடைய கவனக்குறைவு. கீழே என் கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பா, நீங்கள் சாவி கொடுத்ததை யாரிடமும் இனிச் சொல்லாதீர்கள். வேலையிலிருந்து நின்ற ஆள் ரோலர் அறைக்குள் நிற்கவே கூடாது. லயத்தில் நீங்கள் குடியிருக்கிற காம்பரா தம்பியின் வேலைக்காகத் தோட்டம் கொடுத்தது. அவன் இனி அந்த வேலையைச் செய்வானா என்பதே தெரியாது. உங்கள் பெயரும் வந்தால், காம்பராவைக் காலி பண்ணச் சொல்ல அவர்களுக்கு ஒரு சாட்டுப் போதும். நிஸாமுக்குத் தொழில் கையில் இருக்கிறது. எங்கேயாவது வேலை கிடைக்கும். உங்களை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கொஞ்ச நாள் பேசாமல் இருங்கள்.

லோஜினி


ஹேவாஹெட்ட
2024 அக்டோபர் 25

மகள் லோஜினிக்கு,

கமலம் கதவைச் சாத்தினாள். சாத்தி என்ன செய்ய? மெதுவாக வாசித்தால் எனக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும்படி வாசித்தால் லயம் முழுக்கக் கேட்கும். நீ பேசாமல் இருக்கச் சொன்னதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். கதவைத் திறந்தபோது வாசலில் ரமேஸும் இன்னும் சிலரும் நின்றார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நிஸாமைப் பற்றி லயத்தில் ஒரு சொல் இல்லை. அவர்கள் மனதில் இருந்ததைத்தான் நீயும் எழுதியிருக்கிறாய். தங்கள் வாயில் இருந்தபோது அது அவர்களுக்குக் கசக்கவில்லை. உன் கடிதத்தில் கேட்டபோது கசந்திருக்கிறது.

புதன்கிழமை கமலத்தைக் கூட்டிக்கொண்டு நிஸாமைப் பார்க்க மடவளைக்குப் போனேன். கண்டியில் இறங்கி பஸ் மாறினோம். ஆஸ்பத்திரிக்கு வர நினைத்தேன், தைரியம் வரவில்லை.

நிஸாம் வீட்டில்தான் இருந்தான். தாடி மழிக்காமல் ஒரு சுற்று மெலிந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான். அவன் மனைவி கைரியா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "இவரு சாப்பாட்டுல கையே வெக்கிறதில்ல ஐயா. நீங்களாவது சொல்லுங்க" என்றாளாம். எல்லாம் கமலம் என் காதில் கத்தித்தான்.

"நாந்தானப்பா சாவி குடுத்தேன், ஏன் நீ அவங்ககிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா, பெரியவர மாட்டிவிடுறாண்டு சொல்லுவாங்க. ஏற்கனவே நான் தட்டுல கை வெச்சவந்தானே."

"நீ தட்டத் தொடவே இல்லையேப்பா!"

அவன் கமலத்தைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, தானே என் பக்கத்தில் வந்து காதில் வாய் வைத்துச் சொன்னான்.

"ஐயா, நான் ஒங்ககிட்டக் கேட்டன்தானே? எல்லாரும் எறங்கிட்டாங்களாண்டு கேட்டன். நீங்க தலய ஆட்டினீங்க."

லோஜினி, அவன் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைந்தது தெரிந்தது. எனக்குக் கேட்காதபோது நான் தலையாட்டுவேன். கல்யாண வீட்டில், கடையில், பஸ்ஸில், எங்கும் அப்படித்தான். தலையாட்டினால் யாரும் மறுபடி கத்த மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவன் சிரிக்க மாட்டான். அன்றைக்கும் ஆட்டினேன். கேட்க வேண்டியதை அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறான். ஒருவரும் கேட்காத இடத்தில் அவன் ஒருவன்தான் கேட்டிருக்கிறான். அவனைத்தான் வீட்டில் உட்கார வைத்திருக்கிறோம்.

நிஸாமுக்கு வேறு வேலை கிடைக்கும் என்று எழுதினாய். கை வெட்டுப்பட வைத்தவன் என்ற பெயரோடு எந்த ஸ்டோரில் கிடைக்கும்?

நான் பேசாமல் இருக்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், நீ சொல்லு. விசாரணையில், சாவியைத் தட்டில் வைக்க யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்ல?

கறுப்பையா


கண்டி
2024 அக்டோபர் 29

அப்பா,

கமலமக்கா, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். லோஜினிதான் சரி என்று எழுதினாள் என்று சொல்லுங்கள்.

துரை தந்த தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடுவதற்குப் பேனையைத் திறந்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. வேறு அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன். அதன் முதல் வரி இது: ஏறுகிறவனின் பையில் இருக்க வேண்டிய சாவியை வெளியே வைக்கப் பாதுகாப்பு அதிகாரி அனுமதித்தார். செப்டம்பர் பதினான்கில் நானே உங்களுக்கு விளக்கினேன், செப்டம்பர் முப்பதில் நானே அதை விட்டுக்கொடுத்தேன். நீங்கள் கோபம் தணிந்து எழுதியிருந்தீர்கள். அந்தச் சந்தோசத்தில், மறுபடி ஒருவன் ஏறினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவேயில்லை. கேட்பதுதான் என் வேலை.

இரண்டாவது வரி உங்களைப் பற்றியது. ரோலர் அறையில் நீண்ட காலம் வேலை செய்தவர்களுக்குக் காது கேட்பதில்லை, அங்கே வாயால் கேட்டு வாயால் பதில் சொல்வதை நம்பி எந்த வேலையும் நடக்கக் கூடாது என்று எழுதினேன். உங்கள் காதைப் பற்றி எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதை ஒரு ஆபத்தாக நினைத்து நான் எழுதியதே இல்லை.

விசாரணை நான்காம் திகதி. என்னை உள்ளே விடமாட்டார்கள். நிஸாமைப் பற்றி நான் எழுதியதற்கு நேற்றுத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட ஏங்க்கா? அவர்கிட்டக் கேளு" என்றான். மடவளைக்குப் போய்க் கேட்டேன்.

அப்பா, அங்கே மெதுவாகத்தான் பேசுவார்கள். கேட்காததற்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

லோஜினி


ஹேவாஹெட்ட
2024 நவம்பர் 6

மகள் லோஜினிக்கு,

ஒஃபிசுக்குள் கமலத்தை விடவில்லை. கொழும்பிலிருந்து வந்தவர் சிங்களத்தில் பேச, கிளார்க் தமிழில் சொன்னார். இரண்டு பேருக்குமே மெல்லிய குரல். முதல் கேள்விக்கே "கேக்கலீங்க, சத்தமாச் சொல்லுங்க" என்றேன். அடுத்ததற்கும் அப்படியே. துரை கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஸ்டோர் ஆட்கள் நின்றார்கள். எனக்குக் காது கேட்காது என்பதை இத்தனை பேருக்கு முன்னால் என் வாயால் நான் சொன்னதே இல்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை.

சாவி கொடுத்தது நான், தலையாட்டியது நான் என்று சொன்னேன். உத்தரவு கொடுத்தது யார் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன்.

"அப்ப பிழை யார்ல?" என்று கிளார்க் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. சாவி எம்மகன் பையில இருந்திருந்தா, நான் தலைய ஆட்டியிருந்தாலும் ரோலர் ஓடியிருக்காது. அது மட்டுந்தாங்க எனக்குத் தெரியும்."

அதை அவர் சிங்களத்தில் சொல்ல, கொழும்பு ஐயா எழுதிக்கொண்டார்.

ரமேஸ் உள்ளே வந்து, தானும் பார்த்ததாகச் சொன்னான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, அவனாகவே வந்தான். நிஸாம் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று முடிவானது. காம்பராவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. எடுக்கிறபோது பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை திவாகரனைக் கூட்டிக்கொண்டு நீயும் வா.

எழுந்து வருமுன் நான் ஒன்று கேட்டேன். "எம்மகளுக்கு என்ன செய்வீங்க?"

கொழும்பு ஐயா ஏதோ சொன்னார். கிளார்க்கின் உதடு அசைந்தது. தலை தானாக ஆடப் போனது, பிடித்துக்கொண்டேன். "கேக்கலீங்க" என்றேன். கிளார்க் எழுந்து வந்து குனிந்து என் காதுக்குள் சொன்னார். டிசம்பருக்குப் பிறகு உனக்கு அந்த வேலை இல்லையாம்.

"வெளங்கிச்சா?" என்று கேட்டார்.

விளங்கியது என்று வாயால் சொன்னேன்.

அப்பா